கைதட்டலுக்கு ஓர் உரை: ஃபங்க் கச்சேரித் தட்டு குறித்து

சின்சினாட்டி நகரில் கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தை நடத்திவந்த சிட் நேத்தன் 1962-ல் ஒரு தடையை எழுப்பினார். பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் மேடைக் கச்சேரியை அப்படியே ஒலிப்பதிவு செய்து எல்பி தட்டாக வெளியிட வேண்டும் என்று கேட்டபோது, அதற்குப் பணம் தர மறுத்துவிட்டார். அவர் தரப்பு நியாயம் எளிமையானது. அந்தக் கச்சேரியில் புதுப் பாட்டு எதுவும் இல்லை. எல்லாம் ஏற்கெனவே சிங்கிள் தட்டாக வந்து விற்றவை. வீட்டில் இருக்கும் பாட்டையே, கூடக் கொஞ்சம் கூச்சலோடு, இன்னொரு முறை காசு கொடுத்து யார் வாங்குவார்கள்?

நம் உரையாசிரியர்கள் எதிர்த்தரப்பின் தடையை அதன் முழு வலிமையோடு எடுத்துவைத்த பிறகுதான் விடை சொல்லத் தொடங்குவார்கள். நேத்தனுக்கும் அந்த மரியாதை உரியது. அவர் சந்தையை அறிந்தவர். கறுப்பின மக்களின் இசை வணிகம் அன்றைக்கு சிங்கிள் தட்டை நம்பித்தான் நடந்தது. மூன்று நிமிடப் பாட்டு வானொலியில் ஒலிக்கும், ஜூக்பாக்ஸில் காசு போட்டால் ஒலிக்கும், பிடித்தவர்கள் கடைக்குப் போய் வாங்குவார்கள். கூட்டத்தின் இரைச்சலை விலைக்கு வாங்கும் வழக்கம் இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை.

பிரவுன் தன் கையிலிருந்து 5,700 டாலர் போட்டார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 125-ஆம் தெருவில் இருக்கும் அப்போலோ தியேட்டரில், 1962 அக்டோபர் 24 புதன்கிழமை ஒலிப்பதிவு நடந்தது. கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கடற்படையின் முற்றுகை நடைமுறைக்கு வந்த நாள் அது. அணுகுண்டுப் போர் வந்துவிடுமோ என்று உலகம் அஞ்சிய வாரம். சுமார் 1,500 பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் அன்று எழுந்த சத்தம்தான் 1963-ல் ‘லைவ் அட் தி அப்போலோ’ என்ற தட்டாக வந்தது. பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. பட்டியலில் 66 வாரம் நின்றது. வானொலி அறிவிப்பாளர்கள் பாட்டுப் பாட்டாகப் பிரிக்காமல் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒலிபரப்பினார்கள்.

விற்பனைக் கணக்கு நேத்தனின் தோல்வியைக் காட்டும்; அவர் கேள்விக்கு விடை சொல்லாது. ஏன் வாங்கினார்கள்? தெரிந்த பாட்டை, மூச்சு வாங்கும் குரலில், அந்நியர்களின் அலறலோடு சேர்த்துக் கேட்பதில் என்ன இன்பம் இருக்கிறது? இதற்கு விடை தேடினால் ஃபங்க் என்ற இசையின் அடிப்படைக்கே போக வேண்டியிருக்கிறது. 1962-ல் ஃபங்க் இன்னும் முழுதாக உருவாகவில்லை. அப்போலோ தட்டில் இருப்பது ஆர் அண்ட் பி, சோல். ஆனால் பின்னால் ஃபங்க் என்று ஆகப்போகும் ஒன்று அதில் ஏற்கெனவே நடக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃபங்க் எது என்று சுட்ட ஒரு பதிவைத்தான் காட்ட முடியும் என்றால், 1967 மே மாதம் சின்சினாட்டியில் பதிவான ‘கோல்ட் ஸ்வெட்’டைக் காட்டுவேன். அதுவரை பாட்டு என்றால் மெட்டு நகர வேண்டும், கார்டு எனப்படும் ஸ்வரக் கூட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். இதில் பெரும்பகுதி ஒரே கார்டின் மேல் நிற்கிறது. எங்கும் போவதில்லை. போகாத அந்த இடத்துக்குள் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் டிரம்ஸ், பேஸ் கிடார், ஜிம்மி நோலனின் நரம்பை அமுக்கிச் சுரண்டும் கிடார், சாக்ஸபோன்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டுத் தாளத்தை வைத்துக்கொண்டு ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று நுழைகின்றன. கிடாரும் ஊதுகருவிகளும்கூடத் தாளக் கருவிகளாகவே வேலை செய்கின்றன. இத்தனை துண்டுகளையும் கட்டிப்போடுவது நான்கு அடியில் முதல் அடி. பிரவுனின் இசைக்குழுவில் அதற்கு ‘தி ஒன்’ என்று பெயர். ஆர் அண்ட் பி-யில் இரண்டாம், நான்காம் அடிகளில் விழுந்துகொண்டிருந்த அழுத்தத்தை அவர் முதல் அடிக்குக் கொண்டுவந்தார். தனி ஆவர்த்தனத்தில் எத்தனை கணக்குப் போட்டாலும் கடைசியில் எல்லோரும் சமத்தில் வந்து விழுவார்கள் அல்லவா, கேட்கிறவர்கள் அந்த இடத்துக்காகத் தொடையில் கை வைத்துக் காத்திருப்பார்களே, அந்தக் காத்திருப்பு ஃபங்கில் இரண்டு இரண்டரை விநாடிக்கு ஒரு முறை வருகிறது.

இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. மெட்டு நகர்ந்து முடியும் பாட்டுக்கு இயல்பான நீளம் உண்டு. கதை முடிந்தால் பாட்டு முடியும். ஒரே இடத்தில் சுழலும் ஃபங்குக்கு அப்படி ஒரு நீளம் கிடையாது. எத்தனை நேரம் வாசிப்பது என்பதைப் பாட்டு சொல்லாது. உடம்புகள்தான் சொல்ல வேண்டும். வாசிக்கிறவர்களின் உடம்பு, எதிரே ஆடுகிறவர்களின் உடம்பு. சிங்கிள் தட்டில் இதற்கு இடமே இல்லை. ‘கோல்ட் ஸ்வெட்’ ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஆகவே அதை இரண்டாக வெட்டி, தட்டின் முன்பக்கத்தில் முதல் பாகம், பின்பக்கத்தில் இரண்டாம் பாகம் என்று போட்டார்கள். அந்தக் காலத்து பிரவுன் சிங்கிள்களில் பாதிக்கு மேல் இப்படி முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். இசை மேலே போய்க்கொண்டிருக்கும்போதே ஒலியைக் குறைத்து முடித்துவிடுவார்கள். ஸ்டூடியோ ஃபங்க் என்பது நடுவில் நுழைந்து நடுவில் வெளியேறுவது.

ஆகவே நேத்தனுக்கான முதல் விடை இது: வாங்குகிறவர் வீட்டில் ஏற்கெனவே இருந்தது பாட்டின் ஒரு துண்டு. கச்சேரித் தட்டு முழுப் பாட்டைத் தருகிறது.

இந்த விடை உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நீளம் மட்டும்தான் குறை என்றால் ஸ்டூடியோவிலேயே பத்து நிமிடம் வாசித்து எல்பியில் போட்டிருக்கலாம். போட்டும் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசினால்தான் இந்த ஆராய்ச்சி நடுப்புள்ளிக்கு வரும்.

1970-ல் கிங் ரெக்கார்ட்ஸ் ‘செக்ஸ் மெஷின்’ என்ற பெயரில் இரட்டைத் தட்டு ஒன்றை வெளியிட்டது. பிரவுனின் சொந்த ஊரான ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் நடந்த கச்சேரியின் பதிவு என்று உறையில் போட்டார்கள். இரண்டாம் தட்டின் பெரும்பகுதி அகஸ்டாவின் பெல் ஆடிட்டோரியத்தில் பதிவானதுதான். முதல் தட்டு அப்படியல்ல. அது ஸ்டூடியோவில் வாசித்தது. அதன் மேல் எதிரொலியையும் கைதட்டலையும் பிறகு ஏற்றினார்கள். தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. வாசிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பூட்ஸி காலின்ஸின் பேஸ் கிடாரும் ஜேபோ ஸ்டார்க்ஸின் டிரம்ஸும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருப்பதை அதில் கேட்பதுபோல் வேறெங்கும் கேட்க முடியாது. நீளமும் இருக்கிறது, கைதட்டலும் இருக்கிறது. அப்படியானால் அதில் இல்லாதது எது?

நல்ல ஒலிபெருக்கியில் போட்டு, இசையை விட்டுவிட்டுக் கூட்டத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பாபி பேர்ட் பதில் குரல் கொடுக்கும் இடத்தில் கூட்டம் அதற்காகக் கூடுதலாக ஒன்றும் செய்வதில்லை. பாட்டு ‘பிரிட்ஜ்’ என்ற நடுப்பகுதிக்குப் போகலாமா என்று பிரவுன் கேட்கிறார், குழு திரும்புகிறது, கார்டு மாறுகிறது. கேட்கிற நமக்கே முதுகுத் தண்டு நிமிர்கிறது. கூட்டமோ முன்பு இரைந்த அளவிலேயே இரைந்துகொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கும் இசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடி விழும் இடம் கூட்டத்துக்குத் தெரியாது; ஏனென்றால் அந்தக் கூட்டம் அந்த அறையில் இல்லை.

மனிதக் காது இதை நொடியில் கண்டுபிடித்துவிடுகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. ஒலிப்பதிவின் நுட்பம் எதுவும் அறியாதவர்களுக்கு இந்தத் தட்டையும் ஓர் உண்மையான கச்சேரித் தட்டையும் போட்டுக்காட்டினால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் எது உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கூட்டத்தின் சத்தத்தை நாம் அலங்காரமாகக் கேட்பதில்லை, சாட்சியாகக் கேட்கிறோம். முதல் அடி எங்கே விழுகிறது என்பதில் மேடையில் பன்னிரண்டு பேர் உடன்பட்டிருக்கிறார்கள். அந்த உடன்பாடு உண்மையானது என்று ஆயிரம் பேர் அதே கணத்தில் உடம்பால் ஒப்புக்கொள்கிறார்கள். ஃபங்க் கச்சேரித் தட்டில் பதிவாவது அந்த ஒப்புதல். அதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். நேத்தனுக்கு என் முழு விடை இதுவே.

உண்மையான சாட்சியம் எப்படி இருக்கும் என்று காட்ட அதே ஆள், ஏறக்குறைய அதே குழு, அதே பாட்டு நமக்குக் கிடைத்திருப்பது பெரும் அதிர்ஷ்டம். 1971 மார்ச் 8, திங்கட்கிழமை, பாரிஸின் ஒலிம்பியா அரங்கு. அதே தேதியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் முதல் முறையாக மோதினார்கள். உலகத்தின் கவனமெல்லாம் அங்கே இருந்தது. பாரிஸில் நடந்ததை ஓடுகிற டேப் கவனித்துக்கொண்டது.

அந்தக் குழுவின் கதையைச் சொல்லாமல் அந்தத் தட்டைப் பேச முடியாது. 1970 மார்ச்சில் பிரவுனின் பழைய குழுவினர் ஊதியம் குறித்தும் நடத்தும் விதம் குறித்தும் கோரிக்கை வைத்தார்கள். பிரவுன் பணியவில்லை. சின்சினாட்டியிலிருந்து இளைஞர்கள் சிலரைத் தன் விமானத்தில் வரவழைத்தார். அவர்களில் கிடார் வாசித்த கேட்ஃபிஷ் காலின்ஸும் அவருடைய தம்பி பூட்ஸியும் இருந்தார்கள். வந்து இறங்கிய அன்றே மேடையேற்றிவிட்டார். பாரிஸ் கச்சேரியின்போது பூட்ஸிக்கு வயது 19. பழைய ஆட்களில் ஜேபோ ஸ்டார்க்ஸ், பாபி பேர்ட் இருந்தார்கள். டிராம்போன் வாசிக்கும் ஃப்ரெட் வெஸ்லி திரும்பி வந்திருந்தார்.

பிரவுன் நடத்தியது கச்சேரிக் குழுவின் உருவத்தில் ஓர் ஒழுங்குமுறை. தவறு செய்தால் அபராதம். காலணி மினுங்காவிட்டால் அபராதம். மேடையில் ஆடிக்கொண்டே விரல்களை விரித்துக் காட்டுவார். ஒரு விரிப்புக்கு ஐந்து டாலர் என்று அவரோடு வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் அதை ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்வார்கள். ஓர் இடுப்பு வெட்டில், ஒரு கைவீச்சில், ஓர் உறுமலில் அடுத்த பகுதிக்கு உத்தரவு போகும். அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒவ்வொருவர் கண்ணும் அவர் முதுகில்தான். ஸ்டூடியோவில் தவறினால் இன்னொரு முறை எடுக்கலாம். மேடையில் அந்த உத்தரவும் அதற்கு வந்த பதிலும் ஒரே ஒரு முறைதான் நடக்கும். இந்த விழிப்பு இசையில் கேட்கிறது. ஒலிம்பியா தட்டில் எந்த வாத்தியமும் சாய்ந்து உட்காரவில்லை.

அதில் வரும் ‘செக்ஸ் மெஷின்’ ஸ்டூடியோப் பதிவைவிட வேகமானது. இரண்டு கிடார்கள்: கேட்ஃபிஷும் சீஸ் மார்ட்டினும். ஒன்று விடாமல் சுரண்டிக்கொண்டே இருக்க, மற்றது வெட்டி வெட்டி இடையில் விழுகிறது. முதல் சில சுற்றுகளில் இவர்கள் இருவரையும் பிரித்துக் கேட்கலாம். பிறகு முடியாது. பூட்ஸியின் பேஸ் முதல் அடியில் ஊன்றி நின்றுவிட்டு, மிச்ச மூன்று அடிகளிலும் பத்தொன்பது வயதின் கொழுப்போடு துள்ளுகிறது. அடுத்த முதல் அடிக்குச் சரியாக வீடு வந்து சேர்கிறது. பிரிட்ஜுக்குப் போகும் கணம் வரும்போது அகஸ்டா தட்டில் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது. பிரவுன் கேட்கிறார், பேர்ட் பதில் தருகிறார், குழு திரும்புகிறது; எதிரே இருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் பேசும் ஆங்கிலம் எவ்வளவு புரிந்திருக்கும் என்பது அங்கே பொருட்டே இல்லை. திருப்பம் புரிந்துவிட்டது.

தட்டின் உச்சம் கடைசிப் பகுதி. ‘சூப்பர் பேட்’டில் தொடங்கி ‘கெட் அப், கெட் இன்டு இட்’, ‘சோல் பவர்’ என்று முடிவு வரை மூச்சு விட இடம் கொடுக்காமல் போகிறது. முன்பு பாடிய ‘செக்ஸ் மெஷின்’ திரும்பவும் தலைகாட்டுகிறது. 1965, 1968-ல் அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்த ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’, ‘ஐ காட் யூ’, ‘ஐ காட் த ஃபீலின்’ மூன்றையும் அதற்கு முன்பே ஒரே கோவையாக்கி அவசர அவசரமாகப் பாடி ஒதுக்கிவிட்டார். பழைய வெற்றிகளுக்கு அவ்வளவுதான் நேரம். புதுப் பாட்டுகளுக்குத்தான் இரவெல்லாம். தன் புகழைக் காக்க மேடையேறும் பாடகர்கள் இதைச் செய்ய மாட்டார்கள்.

இந்தப் பதிவை மூன்று தட்டுகளாக உடனே வெளியிடும் திட்டம் இருந்தது. கச்சேரி முடிந்த சில வாரங்களிலேயே காலின்ஸ் சகோதரர்கள் விலகினார்கள். பிரவுனும் கிங்கை விட்டு பாலிடார் நிறுவனத்துக்குப் போனார். டேப் பெட்டிக்குள் போய்விட்டது. 1992-ல்தான் ‘லவ் பவர் பீஸ்’ என்ற பெயரில் வெளியே வந்தது. இருபத்தோரு ஆண்டு உலகம் இதைக் கேட்காமல் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் பிரவுனின் பழைய தட்டுகளிலிருந்து டிரம்ஸ் துண்டுகளை வெட்டி எடுத்து ஒரு புது இசையையே கட்டிவிட்டார்கள். இந்தத் தட்டு 1971-லேயே அவர்கள் கையில் இருந்திருந்தால்?

பெரிய அரங்கும் பெரிய சத்தமும்தான் சாட்சியத்துக்கு வேண்டும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. டானி ஹாத்தவேயின் ‘லைவ்’ (1972) இரண்டு சிறிய கிளப்புகளில் பதிவானது: லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடோர், நியூயார்க் கிரீனிச் வில்லேஜின் பிட்டர் எண்ட். வகைபிரிப்பவர்கள் இதை சோல் என்றுதான் அடுக்குவார்கள். ஆனால் இரண்டாம் பக்கக் கடைசியில் வரும் ‘வாய்சஸ் இன்சைட்’ பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் கலப்படமற்ற ஃபங்க். டிரம்ஸ் வாசிக்கும் ஃப்ரெட் வைட்டுக்கு அப்போது 16 வயது. ஒவ்வொருவராகத் தனி வாசித்துவிட்டு, கடைசியில் பேஸ் கிடாருடன் வில்லி வீக்ஸுக்கு இடம் விடுகிறார்கள்.

அந்தத் தனி வாசிப்பைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். வீக்ஸ் வேகம் காட்டுவதில்லை. தாழ்ந்த ஸ்வரங்களில் நான்கைந்தை எடுத்துக்கொண்டு, இடைவெளி விட்டு வைக்கிறார். மற்ற வாத்தியங்கள் அடங்கிவிட்டன. தாளம் மட்டும் மெல்ல நடக்கிறது. ஒரு வாக்கியம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார். வீக்ஸ் அடுத்த வாக்கியத்தைச் சற்று நீட்டுகிறார். இப்போது இரண்டு மூன்று குரல்கள். அவர் மேல் ஸ்தாயிக்கு ஏறி, நின்று, சரிந்து இறங்கும்போது அறையே கத்துகிறது. ஒலிம்பியாவில் கூட்டம் ஒரே பிண்டமாக ஒலித்தது. இங்கே தனித்தனி மனிதர்களாக ஒலிக்கிறது. கொஞ்சம் பழகினால் இன்ன குரல் மேடைக்குப் பக்கத்திலிருந்து வருகிறது, இன்ன குரல் பின்னாலிருந்து வருகிறது என்றுகூடப் பிரிக்கலாம். பேஸ் கிடார் கற்கிற பிள்ளைகள் இந்த வாசிப்பை ஸ்வரம் ஸ்வரமாக எழுதி வைத்துப் பயிற்சி செய்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, கூட்டத்தின் குரல்களையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். வீக்ஸ் விட்ட இடைவெளிகளுக்குக் காரணம் அங்கே இருக்கிறது.

அதே பிட்டர் எண்டில் 1971 ஜனவரியில் கர்ட்டிஸ் மேஃபீல்டு பதிவு செய்த ‘கர்ட்டிஸ்/லைவ்!’ இன்னும் தணிந்த குரலில் நடப்பது. பாட்டுக்கு நடுவே அவர் அரசியல் பேசுகிறார். ‘மாஸ்டர்’ ஹென்றி கிப்சனின் கோங்கா அந்தப் பேச்சின் அடியிலும் ஓடுகிறது. அலறாமலே ஃபங்க் வாசிக்கலாம் என்பதற்கு அந்தத் தட்டு போதும்.

குழு எப்படிக் கூடி ஒன்றாகிறது என்பதையே பாட்டாக்கியவர் சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸ். 1971 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்டில், அரீத்தா ஃப்ராங்க்ளின் பாடிய அதே இரவுகளில், அவரும் தன் குழுவோடு ஒரு தட்டைப் பதிவு செய்தார். தொடக்கப் பாட்டு ‘மெம்ஃபிஸ் சோல் ஸ்டூ’. சமையல் குறிப்பு சொல்வதுபோல ஒவ்வொரு வாத்தியத்தையும் இன்ன அளவு என்று சொல்லிச் சொல்லி உள்ளே அழைக்கிறார். முதலில் ஜெர்ரி ஜெமட்டின் பேஸ், அடுத்து பெர்னார்டு பர்டியின் டிரம்ஸ், பிறகு கார்னெல் டுப்ரியின் கிடார், பில்லி பிரஸ்டனின் ஆர்கன். ஃபங்கின் உடற்கூறு தெரியாதவருக்குப் பாடம் எடுக்க இதைவிடச் சிறந்த பதிவு இல்லை. கிங் கர்ட்டிஸ் அந்த ஆகஸ்ட் மாதமே நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் கத்திக்குத்துப்பட்டு இறந்துபோனார்.

இனி எதிர்த்திசையிலிருந்து ஒரு தடை. கச்சேரி என்பது பார்க்கவும் வேண்டியது. பிரவுன் முழங்காலிட்டுச் சரிவார். மேடை அறிவிப்பாளர் டேனி ரே போர்வையைத் தோளில் போர்த்தி அழைத்துப்போவார். பாதி வழியில் அதை உதறிவிட்டு மைக்குக்குத் திரும்பி ஓடிவருவார். மல்யுத்த வீரர் ‘கார்ஜஸ் ஜார்ஜ்’ செய்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட உத்தி இது. இதையெல்லாம் தட்டில் எப்படிக் காண்பது? படம் பிடித்தது இருக்கும்போது ஒலியை மட்டும் கேட்பானேன்?

இந்தத் தடையை முழுதாக மறுக்க முடியாது. ஜார்ஜ் கிளின்டனின் பார்லமென்ட் குழு 1976 அக்டோபரில் மேடையில் ஒரு விண்கலத்தை இறக்கத் தொடங்கியது. ‘மதர்ஷிப்’ என்று பெயர். புகையும் ஒளியும் கக்கிக்கொண்டு அது இறங்க, உள்ளிருந்து கிளின்டன் வெளியே வருவார். அமெரிக்க மேடையில் கறுப்பினக் கலைஞர்கள் அதுவரை கனவுகூடக் கண்டிராத செலவில் நடத்திய காட்சி அது. 1977-ல் வந்த ‘லைவ்: பி-ஃபங்க் எர்த் டூர்’ இரட்டைத் தட்டில் விண்கலம் எப்படித் தெரியும்? தெரியாது. சில இடங்களில் கூட்டம் எதற்காகக் கத்துகிறது என்று புரியாமல் வெளியே நிற்கிற உணர்வு எனக்கு உண்டு. ஆனால் கலத்தை இறங்கச் சொல்லி குழுவின் பாடகர் க்ளென் கோயின்ஸ் அழைக்கும் பகுதி வரும்போது படம் தேவைப்படுவதில்லை. அடிமை நாட்களில் விண்ணிலிருந்து தேரை இறங்கிவரச் சொல்லிப் பாடிய பக்திப் பாட்டின் வழியில் வந்தது அந்த அழைப்பு. தேரின் இடத்தில் விண்கலம் நிற்கிறது, குரல் தேவாலயக் குரலாகவே இருக்கிறது, ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். பின்னாளில் செய்த மதர்ஷிப்பின் மறுபிரதி இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் போய்ப் பார்க்கலாம். அது இறங்கியபோது என்ன நடந்தது என்பதற்கு இந்தத் தட்டைத்தான் கேட்க வேண்டும்.

படம் இல்லாததால் சில சமயம் லாபமும் உண்டு. இங்கேதான் அப்போலோவுக்குத் திரும்ப வேண்டும். 1962-ன் அந்தத் தட்டில் ‘லாஸ்ட் சம்ஒன்’ பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. எல்பியின் ஒரு பக்கத்தில் அடங்காமல் முதல் பக்கக் கடைசியில் பாதி, இரண்டாம் பக்கத் தொடக்கத்தில் மீதி என்று வெட்டுப்பட்டது. மெதுவான பாட்டு. குழு இரண்டே கார்டுகளில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. பிரவுன் கெஞ்சுகிறார், நிறுத்துகிறார். நிறுத்திய இடத்தில் ஒரு பெண் வீறிடுகிறாள். அவர் என்ன செய்தார்? தலையைத் திருப்பினாரா, கையை நீட்டினாரா? நமக்குத் தெரியாது. மறுபடி ஒரு சொல், மறுபடி நிறுத்தம். இப்போது வேறு பல குரல்கள். பாட்டு அங்கே நகரவில்லை. அரங்கில் இருக்கிறவர்களின் பதிலைப் பார்த்து, அதற்கேற்ப அடுத்த சொல்லை வைத்துக்கொண்டே போகிறார். ஃபங்க் என்று பின்னால் ஆகப்போவது அதில் நடக்கிறது என்று முன்பு சொன்னது இதைத்தான். ஒரே இடத்தில் நிற்கும் இசை, எத்தனை நேரம் நிற்பது என்பதைக் கூட்டத்திடம் கேட்டு முடிவுசெய்யும் பாடகர். தாளம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு ஐந்து ஆண்டு ஆயிற்று.

அந்தப் பதிவின்போது முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி உற்சாகத்தில் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் கத்தினார், அது மைக்கில் தெளிவாக விழுந்துவிட்டது என்று பிரவுன் தன் சுயசரிதையில் சொல்கிறார். வானொலிக்குப் போக வேண்டிய தட்டு என்பதால் முதலில் கவலைப்பட்டார்கள். டேப்பைப் போட்டுக் கேட்டவர்கள் முகம் மலர்வதைப் பார்த்த பிறகு, அந்த உற்சாகம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த மூதாட்டியின் பெயரைத் தட்டின் உறையில் வாத்தியக்காரர்களோடு சேர்த்துப் போட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிசிறு, அவசரம், மூச்சிரைப்பு, மைக் இரைச்சல் என்று கச்சேரித் தட்டுகள்மேல் சொல்லப்படும் மற்ற குறைகளுக்குத் தனித்தனியே விடை எழுதத் தேவையில்லை. அவை இருக்கின்றன. அகஸ்டாவின் போலிக் கைதட்டலில் அவை எதுவும் இல்லை. எது வேண்டும் என்பதைக் கேட்பவர் தீர்மானிக்கலாம்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முறை இது. முதலில் 1970-ன் ‘செக்ஸ் மெஷின்’ இரட்டைத் தட்டின் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். உடனே, இடைவெளி விடாமல், ஒலிம்பியாவில் அதே பாட்டைக் கேளுங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், அறையில் சத்தமாக வையுங்கள், முடிந்தால் கூட இன்னொருவர் இருக்கட்டும், ஏனென்றால் முதல் அடியில் தலை அசைகிறதா என்று பார்க்க எதிரே ஓர் ஆள் வேண்டும். அடுத்த நாள் ஹாத்தவே. அதன் பிறகு அப்போலோ, ஒரே மூச்சில், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். எல்லாவற்றையும் வாங்கக் கையில் காசு இல்லை, ஒன்றே ஒன்றுதான் என்றால் ‘லவ் பவர் பீஸ்’ஸை வாங்குங்கள். மேடை ஃபங்கில் அதற்கு மேல் ஒரு தட்டு இதுவரை வரவில்லை.